ஏசிக்கும் மரத்துக்கும் ஒரே போர்வை

டொமினிக் என்னிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி, பல்கனி மூலையில் நாங்கள் கட்டியிருந்த கூடாரத்தை மேலிருந்து கீழாக வெட்டினார். பிளாஸ்டிக் விலகியதும் உள்ளேயிருந்து ஒரு குளிர் வந்து எங்கள் மூன்று பேரின் முகத்திலும் அடித்தது. அன்றைக்கு வெளியே மைனஸ் மூன்று. கூடாரத்துக்குள்ளே அதைவிடக் குளிர்.

குளிரிலிருந்து காப்பாற்றுவதற்காகக் கட்டிய கூடாரம் அது.

உள்ளே இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று எங்கள் ஏசியின் வெளிப் பெட்டி. அதன் முதுகில் விரல் தடிப்புக்கு வெள்ளையாகப் பனிக்கட்டி பிடித்திருந்தது. மற்றது என் உயரத்துக்கு வளர்ந்த ஒரு கறிவேப்பிலை மரம். அதன் இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.

அந்த மரம் எங்களுடையதல்ல. பவளக்கா நம்பி எங்களிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல பெண் தலையில் கையை வைத்திருப்பாள். எனக்கோ முதலில் வந்தது, "இதென்னெண்டு வெளியை விட உள்ளுக்குக் குளிர்?" என்ற கேள்விதான். வீடு பற்றி எரிந்தாலும் நெருப்பு என்ன நிறம் என்று நின்று பார்ப்பவள் என்று என் கணவர் நேசன் சொல்வார். அவர் சொல்வதில் இது ஒன்றுதான் உண்மை.

டொமினிக் மன்னார்க்காரர். ஜெர்மனியின் இந்தப் பீலெஃபெல்ட் ஊரில் எங்கள் ஆட்கள் யாருடைய வீட்டில் ஏசியோ குளிர்சாதனப் பெட்டியோ முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கூடாரத்தின் மடிப்பையும் டேப்பையும் தடவிப் பார்த்தார்.

"இதை ஆர் கட்டினது?"

பாராட்டு வருகிறது என்று நினைத்து நேசன் முன்னுக்கு வந்தார். "நான்தான் தம்பி."

"நல்ல வடிவாய்க் கட்டியிருக்கிறியள் அண்ணை. ஒரு பொட்டுக் காத்தும் உள்ளுக்குப் போகேலாது" என்றார் டொமினிக். "அதாலதான் இவ்வளவும்."

கூரைக்குக் கீழே ஒரு வீடு

எங்கள் வீடு நான்காம் மாடி, கூரைக்கு நேர் கீழே. முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் குடிவந்தபோது, ஜெர்மனியில் வீட்டுக்குள் வியர்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போதைய கோடைகளில் சாமிப்படத்தின் முன்னால் வைத்த மெழுகுதிரி, கொளுத்தாமலே வளைந்து கும்பிட்டது. அதற்குப் பிறகுதான் ஏசி பூட்டுவது என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்தது ஒரு நாளில். வீட்டுக்காரரிடம் அனுமதி எடுக்க இரண்டு கோடை போனது. ஒரு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதினால் பதிலுக்கு மூன்று கேள்வி வரும். சத்தம் எவ்வளவு? தண்ணீர் எங்கே வடியும்? கீழ்வீட்டுக்காரருக்குச் சம்மதமா? கடைசியில் வந்த அனுமதிக் கடிதத்தில் ஏழு நிபந்தனைகள். ஏழாவது: குளிர்காலத்தில் வெளிப் பெட்டியைப் பனியிலிருந்து பாதுகாப்பது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு.

எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு வரிகூட இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கடிதத்தை பைலில் போட்டு மூடினோம்.

முதல் கோடை முழுக்க நான் அந்த வெளிப் பெட்டியோடுதான் திரிந்தேன். வீட்டுக்குள் குளிர்ந்த காற்று வருவது எனக்கு அதிசயமாகப் படவில்லை. வெளியே பல்கனியில் அந்தப் பெட்டி பெருமூச்சு விடுவதுபோலச் சூடான காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்ததுதான் அதிசயம். கையை நீட்டிப் பார்த்தேன். பிறகு ஈரத் துவாயைத் தொங்கவிட்டேன். துவாய் சுளகில் போட்ட அப்பளமாகக் காய்ந்தது. அடுத்த நாள் மோர்மிளகாய் போட்டேன்.

ஊரில் மூன்று நாள் வெயில் வேண்டும். இங்கே ஒன்றரை நாளில் மிளகாய் கலகலவென்று காய்ந்துவிட்டது. சொந்தக்காரர் எல்லோருக்கும் போத்தலில் போட்டுக் கொடுத்தேன். ஏசியில் காய்ந்த மிளகாய் என்று யாருக்கும் சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், பிறகு நடந்த அநியாயத்துக்கெல்லாம் இந்த மிளகாய்தான் காரணம். அந்தப் பெட்டி சூடு விடுகிற சாதி என்று என் மூளை முடிவுகட்டிவிட்டது.

ஸ்வெட்டர் போட்ட முட்டை

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், எங்களை வைத்திருந்த விடுதியில் அறைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி கிடையாது. எல்லோரும் பாலையும் பட்டரையும் பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடமே காய்த்துக் குலுங்குவதுபோல இருக்கும்.

மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றில் மட்டும் ஒரு நீல ஸ்வெட்டர் தொங்கும். அதற்குள்ளே என்ன என்று அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் படியில் அந்த அறைக்காரரை மறித்துக் கேட்டேன்.

"முட்டை" என்றார். "சும்மா விட்டால் விறைச்சு வெடிச்சுப்போகுது. அதுதான் ஸ்வெட்டர் போட்டுவிட்டனான்."

"இப்ப வெடிக்கேல்லையோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெடிக்குது. ஆனால் கொஞ்சம் பிந்தி."

அந்த மனிதரைத்தான் நான் பிறகு கல்யாணம் கட்டினேன். முட்டைக்குத் தன் ஒரே ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டு நின்றவரை வேறு என்ன செய்வது? அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தைப் படித்திருக்கலாம். போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. உள்ளே சூடு இருந்தால் காக்கும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து விறைக்கும். முப்பத்தைந்து வருடம் கழித்தும் இரண்டு பேருக்கும் அது ஏறவில்லை.

பவளக்காவின் மரம்

பீலெஃபெல்டில் பாதித் தமிழ் வீடுகளின் குழம்பு பவளக்காவின் மரத்தில்தான் தாளிக்கப்படும். கடையில் வருகிற கறிவேப்பிலை ஒருநாள் வரும், ஒரு மாதம் வராது. அக்காவின் வரவேற்பறையில் தெற்கு ஜன்னலோரம் அந்த மரம் எப்போதும் நிற்கும். யார் போனாலும், கிளம்பும்போது இரண்டு ஈர்க்கு ஒடித்துக் கடதாசியில் சுற்றித் தருவார். வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

அதனாலேயே அக்கா பதினான்கு வருடமாகக் குளிர்காலத்தில் எங்கும் போனதில்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் வேறு நாட்டில், ஓய்வூதியமும் வந்துவிட்டது. ஆனாலும், "மரத்தை ஆரிட்டை விட்டிட்டுப் போறது?" என்பார். ஊரில் அளவெட்டியில் இருக்கும் அவருடைய அண்ணை ஒவ்வொரு வருடமும் வா, வா என்று கேட்பார். அக்கா ஒவ்வொரு வருடமும் மரத்தைச் சாட்டுச் சொல்வார்.

அந்த வருடம் அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று செய்தி வந்தது. நான் வீராப்பாக, "நான் பாக்கிறன் அக்கா, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"வசந்தி, உன்னாலை ஏலுமோ?"

"ஒரு மரத்துக்குத் தண்ணி ஊத்த ஏலாதோ எனக்கு?"

கார்த்திகைக் கடைசியில் நேசனும் இன்னும் ஒருவரும் மரத்தைச் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறினார்கள். எங்கள் வீட்டின் கூரை சரிவு. ஜன்னலோரம் மரத்தின் தலை முட்டியது. அறை நடுவில் வைத்தால் ஏசி நேரே அதன்மேல் சூடு ஊதியது. குளிர்காலத்தில் நாங்கள் அதே ஏசியைத்தான் வீடு சூடாக்கவும் பாவித்தோம். ஒரே கிழமையில் இலை கொட்டத் தொடங்கிற்று. காலையில் எழும்பினால் கம்பளம் முழுக்கப் பச்சை. நான் கூட்டிக் கூட்டி ஒரு பையில் போட்டு ஒளித்து வைத்தேன். ஏன் ஒளித்தேன் என்று கேட்காதீர்கள்.

படிக்கட்டில் வைக்க வீட்டு விதி விடாது. நிலவறை இருட்டு. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது.

பெட்டி கட்டுகிறவர்

போன கிழமை இந்தப் பத்தியில் நேசனின் குறட்டையைப் பற்றி எழுதியதற்கு அவர் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆகவே இந்தக் கிழமை உள்ளபடி புகழ்கிறேன். ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்புவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. ஷாம்பூப் போத்தல், பால்மா, பிட்டுப் பானை எல்லாம் ஒரே பெட்டியில் போகும். மூன்று மாதம் கழித்து அங்கே பிரிக்கும்போது ஒரு துளி சிந்தியிருக்காது. சனம் டேப்பை வெட்ட முடியாமல் திட்டிக்கொண்டுதான் பெட்டியைத் திறக்கும்.

ஏழாவது நிபந்தனைப்படி வெளிப் பெட்டியை மூடவேண்டும் என்று அவர் தார்ப்பாய்ப் படங்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்:

"இஞ்சேருங்கோ, மரத்தையும் சேர்த்துக் கட்டினால் என்ன?"

"பல்கனியிலயோ? விறைச்சுப்போகும்."

"ஒரு வீட்டையே சூடாக்கிற மெசின், பக்கத்தில நிக்கிற மரத்தைச் சூடாக்காதோ? மிளகாய் எப்பிடிக் காய்ஞ்சது?"

அவர் யோசித்தார். முட்டைக்கு ஸ்வெட்டர் போட்ட அதே மூளை. "ஓம், அது சரிதான்" என்றார்.

குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள் இரண்டு சுற்று, அதற்கு மேல் என் பழைய கம்பளிப் போர்வை, அதற்கு மேல் படங்கு, எல்லாவற்றுக்கும் மேல் டேப். கட்டி முடித்துவிட்டு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைப் பார்த்து ரசித்தோம். எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

தோசைக் கரண்டி

நாலாம் நாள் வீட்டுக்குள் வந்த காற்றின் சூடு குறைந்து வெறும் வெதுவெதுப்பானது. ஐந்தாம் நாள் வெளிப் பெட்டி, பாரம் தூக்குகிறவர்போல முக்கி முனகிவிட்டு நின்றுபோயிற்று. நான் கூடாரத்தின் கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை போட்டுக் கையை விட்டுப் பார்த்தேன். பெட்டியின் முதுகு முழுக்கப் பனிக்கட்டி. சமையலறையில் கைக்கு அகப்பட்டது தோசைக் கரண்டி. அதால் சுரண்டிவிட்டு, ஓட்டையைத் திரும்ப டேப் போட்டு அடைத்தேன்.

அதைத்தான் டொமினிக் கூடாரத்தை வெட்டியபின் முதலில் கண்டுபிடித்தார். பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"இதிலை தோசை சுட்டனீங்களோ அக்கா?"

நான் தோசைக் கரண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் ஒரு சீப்பு மாதிரிச் சாமானை எடுத்துத் தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன்.

"தம்பி, கோடையில இந்தப் பக்கம் நெருப்பு மாதிரிச் சூடு வந்தது. இப்ப ஏன் குளிருது?"

"கோடையில உங்கட வீட்டுச் சூட்டை அள்ளிக்கொண்டு வந்து இஞ்ச கொட்டுது. விண்டரில மற்றப் பக்கம். வெளிச் சூட்டை அள்ளி வீட்டுக்குள்ள கொண்டுபோகுது."

"வெளிச் சூடோ? மைனஸ் மூண்டில எங்கையப்பா சூடு?"

"மைனஸிலையும் சூடு இருக்குது அக்கா. கொஞ்சச் சூடு, எங்களுக்குக் காணாது. மெசினுக்குக் காணும்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடம் இந்த நாட்டில் பஸ் தரிப்பிடங்களில் நின்று விறைத்திருக்கிறேன். அந்தக் காற்றுக்குள்ளும் அள்ளுவதற்குச் சூடு இருந்திருக்கிறது! இன்னும் பத்துக் கேள்வி கேட்டேன். அந்த மனிதர் பாவம், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஓடுகிற பெட்டிக்கு எதுவுமே கட்டக்கூடாதாம். அது மூச்சு விடவேண்டும். குளிர்காலத்தில் பாவிக்காதவர்கள் மேலே மட்டும் ஒரு கூரைபோல வைக்கலாம், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். சுற்றி மூடினால் ஈரம் நின்று இரும்பு கறள் பிடிக்கும். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை இலை குப்பை அடைக்காமல் பார்க்கவேண்டும். கட்டி பிடித்தால் மெசின் தானே உருக்கிக்கொள்ளும், கரண்டி போடக்கூடாது.

"அப்ப அள்ளினது போக மிஞ்சிற காத்து?"

"அது வெளிக் காத்தை விடக் குளிர். காத்துப் போக வழியில்லாமல் கட்டினதாலை, அதே குளிரைத் திரும்பத் திரும்ப அள்ளியிருக்குது." அவர் மரத்தைப் பார்த்தார். "இதை ஏன் அக்கா உள்ளுக்க விட்டனீங்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்விகள் எல்லாம் நின்றுவிட்டன. பவளக்காவின் மரத்தை நான் என் கையாலேயே ஒரு குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, டேப்பும் ஒட்டியிருந்தேன்.

மரத்தை உள்ளே தூக்கி வந்தோம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். கிளைகளை வெட்டிப் பார்த்தேன். தையும் மாசியும் போயின, ஒரு துளிர் வரவில்லை. அடித்தண்டு வரை காய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி

அக்கா ஞாயிறு தவறாமல் எடுப்பார். அங்கே இணைப்புச் சரியில்லை, முகம் பார்த்துக் கதைக்க முடியாது. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

"மரம் என்ன செய்யுது?"

"நல்லாய் இருக்குது அக்கா."

முதல் கிழமை அப்படிச் சொன்னது பயத்தில். ஊருக்குப் போன மனுசியின் சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாது என்று அடுத்த கிழமை எனக்கு நானே காரணம் சொன்னேன். அதற்கடுத்த கிழமைகளில் காரணம் தேவைப்படவில்லை, பழகிவிட்டது. நேசன் மட்டும், "சொல்லிப்போட்டு இருமன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் முணுமுணுப்பார்.

மாசிக் கடைசியில் அக்கா சொன்னார்: "அண்ணைக்கு இப்ப நல்ல சுகம். சித்திரை வருசப்பிறப்பு வரைக்கும் நில்லு எண்டு கேக்கிறார். அவரோட வருசம் கொண்டாடி முப்பத்தாறு வருசம். ஆனால் மரத்துக்குப் பங்குனியில மண் மாத்தவேணும், அது உன்னாலை ஏலாது. நான் சொன்ன நாளுக்கே வாறன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வசனம் போதும். என் மனம் என்ன சொல்லிற்று தெரியுமா? முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை என்று சொல்லிற்று.

"ஓம் அக்கா, வாங்கோ" என்றேன்.

பங்குனி

விமான நிலையத்திலிருந்து அக்கா தன் வீட்டுக்குப் போகவில்லை. மரத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நேசனிடம் சொல்லியிருக்கிறார். நேசன் வழி முழுக்க வானிலையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாராம்.

நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என் கையில் ஒரு பொதியைத் தந்தார். வேப்பம்பூ வடகம். "உனக்கெண்டு நானே போட்டது" என்றார். அதை வாங்கிய கை எனக்கு எரிந்தது.

மரம் ஜன்னலருகே நின்றது. அக்கா குனிந்து, பச்சை இருக்கிறதா என்று தண்டை நகத்தால் சுரண்டினார். மண்ணிறம். இன்னும் கீழே சுரண்டினார். அங்கும் மண்ணிறம்.

"எப்ப பட்டுப்போனது?"

"மார்கழியில, அக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய், கூடாரம், டேப், குளிர்க் காற்று, ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்தபின் அக்கா ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப, அண்ணை நில்லு எண்டு கேக்கிறார் எண்டு நான் மாசியில சொல்லேக்க, உனக்குத் தெரியும்?"

"தெரியும் அக்கா."

அக்கா கோட்டையும் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அவர் ஏசுவார் என்று மூன்று மாதமாக மனதில் ஒத்திகை பார்த்திருந்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவர் ஏசவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் நின்றதில்லை.

"எண்பத்திரண்டு வயசில அந்த மனுசன் ஏழு மணித்தியாலம் வான் வண்டியில இருந்து எயர்போட்டுக்கு வந்தவர்" என்றார். "வழியில ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர்."

பிறகு கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். அண்ணைக்குக் காது மந்தம், ஆகவே சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"அண்ணை, நான் வந்து சேர்ந்திட்டன்."

"சந்தோசம் பிள்ளை. மரம் எப்பிடி?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மரம் பட்டுப்போச்சு அண்ணை. குளிர் தாங்கேல்லை. இனி எனக்கு இஞ்ச ஒரு வேலையுமில்லை. ரிக்கெட் கிடைச்சால் சித்திரை வருசத்துக்கு அங்க வந்திடுவன். பிறகும் நிப்பன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"அப்பாடா" என்றார் பெரியவர்.

தண்டைச் சுரண்டிப் பார்த்தபோது அழாத அக்கா, அப்போதுதான் அழுதார்.